பள்ளியறைப் பட நிராகரணம்

சிவமயம்

திருமணம் என்பது இருவர் கூடி வாழ உடன்படும் உடன்படிக்கை மாத்திரம் அன்று. தெய்வமும் அங்கியும் பெரியோரும் சுற்றமும் சான்றாக நிற்க, ஒருவன் ஒருத்தியையும் ஒருத்தி ஒருவனையும் வாழ்நாள் முழுதும் தமக்குரியராக ஏற்றுக்கொள்ளும் மங்கலச் சடங்கு அதுவாம். அதனுள் உலகறியக் காட்டற்பாலது ஒன்றுண்டு. உலகறியாமற் காக்கற்பாலது ஒன்றுண்டு. மங்கலநாண் பூட்டுதல் முன்னையது, பள்ளியறை பின்னையது. முன்னையதைப் பலர் காணச் செய்தலும், பின்னையதை ஒருவருங் காணாது அடைத்தலும் ஆகிய இரண்டும் நிகழ்ந்தவழியே மணம் நிறைவுறும். இம்முறையைத் தலைகீழாக்கி, அடைக்கற்பாலதைத் திறந்துவைக்கும் நூதன வழக்கமொன்று இந்நாளில் தமிழர் இல்லங்களிலும் நுழையத் தலைப்பட்டிருத்தலின், அதனைச் சைவ நன்மக்கள் முன்னிலையில் வைத்து ஆராய்ந்து மறுத்தல் கடனாயிற்று.

அவ்வழக்கம் வருமாறு: மணநாளுக்குச் சில திங்கள் முன்னரே மணமகள் படம்பிடிப்பார் ஒருவரை அமர்த்திக்கொள்கின்றாள். நாளும் இடமும் குறிக்கப்படுகின்றன. விடுதியில் ஓர் அறை வாடகைக்கு எடுக்கப்படுகின்றது. உடுக்கும் இரவுடைகள் இவை, நிற்கும் நிலைகள் இவை, சாளரத்து ஒளி இத்திசையினின்று வருதல் நன்று என்றெல்லாம் முன்னரே வகுக்கப்படுகின்றது. குறித்த நாளில் ஒப்பனை செய்வாரும் விளக்குப் பிடிப்பாரும் உடனிருப்ப, கணவன் ஒருவனே காணற்குரிய கோலத்திற் படுக்கையறையில் அவள் படமெடுக்கப்படுகின்றாள். அப்படங்கள் திருத்தப்பட்டு, ஆல்பமாகக் கட்டப்பட்டு, மணநாளில் மணமகனுக்குப் பரிசாகக் கொடுக்கப்படுகின்றன. சிலவிடத்து இருவரும் சேர்ந்தே இங்ஙனம் எடுப்பித்துக்கொள்வதும் உண்டு. மணத்திற்கு முன் கடற்கரையிலும் சோலையிலும் எடுக்கப்படும் 'பிரீ வெட்டிங் ஷூட்' என்பதன் அடுத்த படி இது.

மேனாட்டார் இதனைப் 'பூத்வார்' என்னும் சொல்லால் வழங்குவர். அது பிரஞ்சுச் சொல். 'பூதே' என்னும் வினையடியாகப் பிறந்தது. முகங்கோணி ஊடுதல் என்பது அவ்வினைக்குப் பொருள். ஆகவே பூத்வார் என்பதற்கு நேரான தமிழ் ஊடலறை என்பதேயாம். 18-ஆம் நூற்றாண்டிற் பிரஞ்சு நாட்டுச் செல்வமகளிர் பிறர் புகாது தனித்திருத்தற்கென்று அமைத்துக்கொண்ட சிற்றறைக்கு இட்ட பெயர் அது. பிறர் புகாமையைக் குறிக்கப் பிறந்த சொல்லே, கூலிக்கு அமர்த்திய பிறரை உள்ளே அழைத்துக்கொள்ளும் செயலுக்கு இன்று பெயராயிற்று. இவ்வழக்கத்தை மறுக்க வேறொருவர் வேண்டா. அதன் பெயரே மறுத்து நிற்றல் காண்க.

அப்பிரஞ்சுக்காரர் 1954 நவம்பர் 1-ஆம் நாள் வரை ஆட்சி செலுத்திய புதுச்சேரிக்கு வடபால், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியிருப்பது பொம்மையார்பாளையம். விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தைச் சேர்ந்த நெய்தனிலச் சிற்றூர் அது. 1968 பிப்ரவரி 28-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஆரோவில் அதற்கு அணித்து. புதுச்சேரியையும் ஆரோவில்லையும் அடுத்த இக்கடற்கரை, மணமக்கள் மணத்திற்கு முன் படமெடுத்துக்கொள்ள விரும்பி வரும் இடங்களுள் ஒன்றாக இன்று பெயர்பெற்றுள்ளது.

சைவவுலகமோ இவ்வூரை வேறொரு காரணத்தால் அறியும். பொம்மபுர ஆதீனத் திருமடம் நிலைபெற்ற ஊர் இது. 17-ஆம் நூற்றாண்டில் இத்திருமடத்து விளங்கிய சிவஞான பாலைய தேசிகரைக் குருவாக அடைந்த துறைமங்கலம் சிவப்பிரகாசர், அவர்மீது தாலாட்டும் நெஞ்சுவிடு தூதும் கலம்பகமும் பாடினார். கன்னடத்திற் சாமரசர் செய்த பிரபுலிங்க லீலையைத் தமிழிற் பாடித் தந்தார். நன்னெறி வெண்பாக்களை அப்புலவர் கடற்கரை மணலில் விரலால் எழுத, மாணாக்கர் அவற்றை ஏட்டிற் பெயர்த்துக்கொண்டனர் என்பது வழிவழிச் செய்தி. இத்தகைய மரபுக்கு உரிய கடற்கரையில் மணவாழ்க்கையின் மறைபொருள் விலைப்பொருளாகும் நிலை வருமாயின், அதனை ஆராயும் பொறுப்பு மடங்களையும் புலவர்களையும் சார்ந்ததன்றி வேறு யாரைச் சார்ந்ததாம்?

பொம்மபுர ஆதீனத்தின் ஆட்சிக்கு உட்பட்டது திண்டிவனத்தை அடுத்த மயிலம் முருகன் திருக்கோயில். சங்குகன்னர் என்னும் சிவகணத்தலைவர் பாலசித்தராய்த் தோன்றித் தவமியற்றி, வள்ளி தெய்வயானையரோடு திருமணக்கோலத்தில் ஆங்கு எழுந்தருளுமாறு பெருமானை வேண்டிப் பெற்றார் என்பது அத்தல வரலாறு. மலைமேல் முருகப்பெருமான் தம் மணக்கோலத்தை வருவார் எல்லார்க்கும் காட்டி நிற்கின்றார். மதுரையிற் சித்திரைத் திருவிழாவில் அங்கயற்கண்ணம்மை திருக்கல்யாணங் காணப் பெருந்திரளாக மக்கள் கூடுகின்றனர். மணக்கோலம் மறைக்கற்பாலதன்று என்பதற்கு இவை போதிய சான்று.

இனி, அத்திருக்கோயில்களிற் பள்ளியறை எங்ஙனம் ஓம்பப்படுகின்றது என்று நோக்குக. தில்லையில் அர்த்தசாமத்திற் கூத்தப்பெருமானுடைய திருவடிநிலைகள் பல்லக்கில் எழுந்தருளிப் பள்ளியறை சேர்கின்றன. மதுரையிற் சொக்கநாதப்பெருமான் திருவடிநிலைகள் அவ்வாறே அம்மையின் பள்ளியறைக்கு எழுந்தருளுகின்றன. அன்பர் உடன்செல்வர், ஓதுவார் பாடுவர், பால் நிவேதிக்கப்படும், தீபங் காட்டப்படும், பின்னர்க் கதவு அடைக்கப்படும். அடைத்த கதவு வைகறையிற் பள்ளியெழுச்சிக்கே திறக்கப்படும். விழா கதவு வரைக்குமே. கதவுக்கு அப்பால் விழா இல்லை. உலகெலாம் ஈன்ற அம்மையப்பர்க்கு மறைக்கவேண்டுவது யாதொன்றும் இல்லை. இருந்தும் கதவு அடைக்கப்படுவது என்னையெனின், வழிபடும் மக்களுக்கு இல்வாழ்க்கை முறையைக் காட்டுதற்பொருட்டு என்க.

மறைத்தல் என்றவுடன் அஃது அச்சத்தால் அல்லது இழிவால் வருவதென்று இக்காலத்தார் பலர் கருதுகின்றனர். சைவ சித்தாந்தம் அங்ஙனம் கொள்ளவில்லை. இறைவன் செய்யும் தொழில்கள் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என ஐந்து. அவற்றுள் மறைத்தலைச் செய்யும் திரோதான சத்தி, மலத்தோடு உடனின்று ஆன்மாவுக்கு வினைப்பயனை நுகர்வித்து, மலபரிபாகம் வருவித்து, பின்னர் அருட்சத்தியாய் விளங்கும். மலத்தோடு உடனிற்றல் பற்றி அதனை மலமென உபசரித்தாரேனும், உண்மையில் அஃது அருளேயாம். பக்குவம் வருமுன் காட்டாமையும், பக்குவம் வந்தவழிக் காட்டுதலும் ஒரே அருளின் இரண்டு செயல்கள். தில்லையிற் சிதம்பர இரகசியத்துக்குத் திரையிட்டு, உரியபோது அதனை விலக்கிக் காட்டுதலும் இக்கருத்துப் பற்றியே. இறைவன் தொழிலை மக்கட்செயலோடு ஒப்புவைத்தல் ஒருபுடையுவமையே என்பது அறிஞர்க்குச் சொல்லவேண்டா. ஆயினும் அவ்வொருபுடையால் விளங்குவது இது: சைவனுக்குத் திரையென்பது இழிவின் அடையாளம் அன்று; உரிய காலமும் உரியாரும் வருங்காறும் ஒன்றனைக் காத்துவைக்கும் அன்பின் அடையாளம். ஆதலாற் பள்ளியறைப் படத்தின் குற்றம் உடம்பைக் காட்டியது என்பதன்று. காலத்திற்கு முன்னே, உரியரல்லார் கண்வழியாகக் காட்டியது என்பதேயாம்.

இனி, இதனை மறுப்பார் கூற்றுக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்தல் முறை.

முதலாவது, "சைவம் உடம்பைப் பழிக்கும் சமயம் அன்று, உடம்பு இறைவன் உறையும் கோயில் என்பது திருமூலர் கொள்கை, அவ்வுடம்பைப் படமெடுத்தலைக் குறைகூறுவார் உடம்பே பாவம் என்னும் பிறர் கொள்கையைத் தழுவினாராவர்" என்பர். உடம்பு கோயில் என்பது உடன்பாடே. கோயில் என்றவழிக் கோபுரமும் உண்டு, கருவறையும் உண்டு. கோபுரம் நெடுந்தொலைவிலிருந்தும் யாவர்க்கும் புலனாம், கருவறை அங்ஙனமன்று. 2022 டிசம்பரிற் சென்னை உயர்நீதிமன்றத்து மதுரைக் கிளை, திருச்செந்தூர்த் திருக்கோயில் பற்றிய வழக்கில், தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசி கொண்டுசெல்லுதலைத் தடுக்குமாறு ஆணையிட்டது. படமெடுத்தலால் இறைவனுக்கு ஒரு குறைவும் வாராது. எடுப்பவனே தரிசனத்தை இழக்கின்றான். அயலில் நிற்பவனும் அவனால் இழக்கின்றான். கல்லாற் கட்டிய கோயிலுக்கு வேண்டும் காவல் உயிர் குடியிருக்கும் கோயிலுக்கு வேண்டாவோ? உடம்பு கோயில் என்பதை மெய்யாகவே நம்புவார், அதற்குக் கருவறை உண்டென்பதையும் நம்புதல் வேண்டும்.

இரண்டாவது, "கோயிற் சிற்பங்களில் ஆடையற்ற வடிவங்கள் இல்லையோ? அகப்பொருள் நூல்கள் புணர்ச்சியும் ஊடலும் பேசவில்லையோ? திருவள்ளுவர் காமத்துப்பாலுக்கு 25 அதிகாரம் வகுத்து, இறுதி மூன்றனை ஊடலுக்கே வைத்திலரோ? மணிவாசகப் பெருமான் 400 பாடல்களால் திருக்கோவையார் அருளிச்செய்திலரோ?" என்பர். இக்கேள்வி கேட்பார் தம் கேள்விக்குள்ளேயே விடை இருத்தலை அறிந்திலர். காதலை இத்துணை விரிவாகப் பேசிய தமிழ், அக்காதலர் யார் என்பதை ஒருபோதும் சொல்லிற்றில்லை. அகத்திணைத் தலைமக்களை இயற்பெயர் கூறிச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் விதி. பெயர் சுட்டப்படின் அஃது அகமாகாது, புறமாய் ஒழியும். திருக்கோவையாரிற் பாட்டுடைத் தலைவர் தில்லைப் பெருமான்; கிளவித் தலைவனும் தலைவியும் பெயரிலிகள். சிற்பமும் அத்தகையதே. கற்றூணில் நிற்கும் மங்கை இன்ன தெருவில் இன்னார் மகள் என்று எவரும் கைநீட்டிச் சொல்ல இயலாது. நிழற்படமோ இதற்கு நேர்மாறு. அது காதலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இவள் இன்னாள் என்பதை மாத்திரம் ஐயமறச் சொல்லும். அகம் ஆளை மறைத்து அன்பைக் காட்டிற்று. இப்படம் அன்பை மறைத்து ஆளைக் காட்டுகின்றது. இரண்டனையும் ஒன்றென்பார் அகத்தையும் அறிந்திலர், படத்தையும் அறிந்திலர்.

மூன்றாவது, "மணக்கும் இருவர்க்கும் இசைவாயின், மூன்றாமவர்க்கு அதில் என்ன?" என்பர். வயதுவந்தார் தம் இசைவாற் செய்வதைத் தண்டித்துத் தடுக்க வேண்டும் என்பது ஈண்டுக் கருத்தன்று. ஆனால் 'இருவர்' என்னும் சொல் ஈண்டுப் பொருந்துமாறு இல்லை. எண்ணிப் பார்க்க. படமெடுப்பார் ஒருவர், விளக்குப் பிடிப்பார் ஒருவர், ஒப்பனை செய்வார் ஒருவர், கணினியிலே திருத்துவார் ஒருவர், அச்சிட்டுக் கட்டுவார் ஒருவர். இவர்க்கு அப்பால், படங்களைச் சேமித்துவைக்கும் இணையக் கிடங்கு கண்காணாத தேயத்தில் உள்ளது. இத்துணைப் பேர் கண்ட பின்னர் இறுதியாகக் காண்பவன் மணமகன். கணவனுக்கென்றே எடுத்த படத்தைக் கணவனே கடைசியிற் காண்கின்றான் என்பது விந்தையன்றோ? ஊடல் இருவர்க்கு உரியது. சுந்தரமூர்த்தி நாயனார்க்கும் பரவையார்க்கும் ஊடல் நேர்ந்தபொழுது அதனைத் தீர்க்கத் தூது நடந்தவர் திருவாரூர்ப் பெருமான். இந்நாளில் ஊடலறைக்குள் நடப்பவரோ, மணிக்கணக்கிற் கூலி பேசி வருகின்றார்.

அன்பின் பரிசாக அவள் விரும்பிக் கொடுப்பதைப் பழிக்கலாமோ எனின், பரிசின் இயல்பை நோக்குக. அவள் கொடுப்பது தன்னையன்று. ஒரு நாளிற் சிலர் கூடி ஒப்பனையாலும் ஒளியாலும் சமைத்த ஒரு வடிவத்தை. பிரபுலிங்க லீலையில், வனவசை நகரிற் பிறந்த மாயை, மத்தளம் முழக்கி நின்ற அல்லமதேவர் வடிவத்தைக் கண்டு மயங்கி அவரைத் தன்வசப்படுத்த முயன்றாள், அவரோ அகப்பட்டிலர். வடிவத்தை மாத்திரம் விரும்பினார் கையில் ஒன்றும் நில்லாது என்பது அக்கதையால் உணரற்பாலது. நாற்பதாண்டு உடன்வாழப் போகும் ஒருவனுக்கு, முதல் நாளே திருத்திய வடிவத்தை அளவுகோலாகக் கொடுத்தல் எத்துணைக் கேடு! நோயும் மகப்பேறும் மூப்பும் வருங்காலத்து, அவள் தன் படத்தோடு தானே போட்டியிடவேண்டி வரும்.

நான்காவது கூற்று மற்றையவற்றினும் வலியுடையது. "கறுப்பென்றும் பருமனென்றும் சிறுமை சொல்லியே வளர்க்கப்பட்ட பெண், தன் உடம்பைத் தானே விரும்பக் கற்றுக்கொள்ளுதற்கு இப்படம் துணைசெய்கின்றது, அதனையும் பறிக்கலாமோ?" என்பர். இதனை எளிதில் தள்ளலாகாது. பெண்பார்க்கும் கூடத்திலே நிறத்தையும் எடையையும் எண்ணிப் பேசும் பழக்கம் சைவ இல்லங்களிலும் உண்டு. நெற்றியில் நீறும் வாயில் திருமுறையும் உடையார் சிலரே அதனைச் செய்கின்றனர். அச்சிறுமையால் ஒரு பெண் மனம் புண்பட்டாள் ஆயின், முதற் குற்றவாளி படம்பிடிப்பவர் அல்லர், அக்கூடத்திற் பேசியவரே. இது முற்றும் உண்மை.

ஆயினும் நோய் உண்மையென்பதனாற் காட்டிய மருந்தும் உண்மையாகிவிடாது. பிறர் கண்ணால் அளக்கப்பட்டுப் புண்பட்டவளை மீளவும் பிறர் கண்ணாலேயே அளப்பிக்கின்றது அம்மருந்து. அதுதானும் உள்ளவாறு அளப்பதில்லை. படம் எடுத்த பின்னர்த் திருத்துதல் என்றொரு தொழில் உண்டன்றோ? அத்திருத்தத்தில் நிறம் வெளுக்கின்றது, இடை சுருங்குகின்றது, தழும்பு மறைகின்றது. 'உன் உடம்பு நன்று' என்று சொல்லி அழைத்தவர், 'திருத்தினால் நன்று' என்று முடிக்கின்றார். பெண்ணை அழகென்னும் அளவுகோலினின்று விடுவித்த வரலாறு ஒன்று சைவத்திலே உண்டு. இன்று புதுச்சேரி ஆட்சிப்பகுதியுள் அடங்கிய காரைக்காலிற் பிறந்த புனிதவதியார், கணவன் பரமதத்தன் விட்டு நீங்கிய பின்னர், அவன்பொருட்டுத் தாங்கிய அழகு இனி வேண்டாவென்று இறைவனை வேண்டிப் பேய்வடிவு பெற்றார். உலகம் கண்டு அஞ்சிய அவ்வடிவை இறைவன் 'அம்மையே' என்று அழைத்தான். எல்லாரும் அங்ஙனம் ஆகவேண்டும் என்பதன்று. ஒரு பெண்ணின் பெருமை காண்பார் கண்ணைப் பொறுத்ததன்று என்பதற்கு அதனினும் பெரிய சான்று வேறில்லை என்பதேயாம்.

இனி, நடைமுறையிலுள்ள பெருங்கேடு ஒன்றுண்டு. அதனை விளக்க விழுப்புரம் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உளது. மெய்கண்டார் விளங்கிய திருவெண்ணெய்நல்லூரே நம்பியாரூரர் வழக்குத் தீர்ந்த ஊரும் ஆம். புத்தூரில் மணப்பந்தரிலே முதிய அந்தணராய் வந்த இறைவன் ஆளோலை காட்டினான். நம்பியாரூரர் அதனைப் பறித்துக் கிழித்தார். தீர்ந்தது என்று கருதினார். வெண்ணெய்நல்லூர் அவையிலோ, கிழித்தது படியோலை, மூலவோலை தம்மிடம் உளது என்று அந்தணர் எடுத்துக் காட்டினார். இக்காலத்துப் படங்களின் இயல்பும் இதுவே. கைபேசியில் உள்ளதை அழித்தவள் தீர்ந்தது என்று கருதுகின்றாள். அழிந்தது படி, மூலம் படமெடுத்தவர் பெட்டகத்திலும், இணையக் கிடங்கிலும், திருத்தினவர் கணினியிலும் கிடக்கின்றது. நம்பியாரூரர் ஓலையை வைத்திருந்தவன் தடுத்தாட்கொள்ள வந்த இறைவன். இம்மூலத்தை வைத்திருப்பவர் எத்தகையவர் என்று யார் அறிவார்? படமெடுத்த நாளுக்கும் மணநாளுக்கும் இடையே மணப்பேச்சு முறிதலும் உண்டு. முறிந்தபின் அவ்வாண்மகன் கையிற் சென்ற படங்கள் என்னாவது?

சட்டம் துணைநிற்கும் என்பர். துணைநிற்கும், எதுவரை என்பதையும் அறிதல் வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்து 17-ஆம் பிரிவின்படி, பொருள்கொடுத்துப் படமெடுப்பித்தவரே அப்படத்துக்கு முதலுரிமையாளர். ஆனால் மாறான உடன்படிக்கை இல்லாதவழியே அவ்வுரிமை நிற்கும். 'எம் தொழில் விளம்பரத்திற்குக் காட்டிக்கொள்ள இசைவு' என்று ஒரு வரி உடன்படிக்கையிற் கிடந்து, அதன்கீழ்க் கையெழுத்தும் வீழ்ந்ததாயின், அவள் காவலைத் தன் கையாலேயே நீக்கினவளாவாள். 2024 சூலை 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 77-ஆம் பிரிவு, ஒரு பெண் தன் அந்தரங்கப் படம் எடுக்கப்படுதற்கு இசைந்தாளேனும், பிறர்க்குப் பரப்புதற்கு இசையாதவழி, பரப்புதல் குற்றமென்கின்றது. 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் உச்சநீதிமன்றத்து ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் குடிமக்களின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். நாட்டின் உயர்ந்த அறமன்றமே மறைத்தலை மக்களின் உரிமையென்று கண்டது மகிழ்தற்குரியது. ஆயினும் சட்டம் பரப்பினவனைத் தண்டிக்கும். பரவினதை மீட்டுத் தாராது.

இவ்விடத்து மற்றொரு தரத்தாரையும் கண்டித்தல் இன்றியமையாதது. 2020-ஆம் ஆண்டிற் கேரளத்து இடுக்கி மாவட்டம் வாகமண் தேயிலைத் தோட்டத்தில், மணமான தம்பதியர் இருவர் வெண்போர்வை போர்த்த கோலத்திற் படமெடுத்து முகநூலில் வெளியிட்டனர். அதுகண்டு எழுந்த வசைமொழிகள் பல. பண்பாட்டைக் காக்க எழுந்தோம் என்ற அவ்வசைவாளர், அப்படங்களைத் தாமே பார்த்துத் தாமே பரப்பினர்; பெண்ணை ஏசியதிற் பாதிகூட ஆணை ஏசினாரல்லர். அத்தம்பதியர் செயலைச் சைவர் ஒப்பார். அவர்மீது சேறெறிந்தார் செயலை அதனினும் ஒப்பார். திரையை விலக்கினவர்க்கும், விலக்கிய இடத்தில் நின்று உற்றுநோக்கி இகழ்ந்தவர்க்கும் வேற்றுமை சிறிதே. 2019 டிசம்பரிற் போபால் நகரில் குஜராத்தி, சைன, சிந்தி வகுப்பினரின் அமைப்புகள் தத்தம் வகுப்பாருக்குப் பிரீ வெட்டிங் ஷூட் ஆகாதென்று தடைவிதித்தன. தடையால் ஒடுங்கும் வழக்கம் மறைவிற் பெருகும். அறிவால் விடுவதே விடுதலாகும். ஆதலின் சைவர்க்கு உரியது தடையன்று, அறிவுறுத்தலே.

இனி, பள்ளியறை திறந்தது ஒருபுறமிருக்க, மணப்பந்தர் அடைபட்டதையும் காண்க. இக்காலத்து மணமண்டபத்தில் மங்கலநாண் பூட்டும் வேளையிற் படம்பிடிப்போர் மணமேடையைச் சூழ்ந்துகொள்கின்றனர். அட்சதை ஏந்தி வாழ்த்த வந்த முதியோர்க்குத் தெரிவது அவர் முதுகு. நாண் பூட்டியதை அருகிருந்தும் காணமாட்டாது, மண்டபத்து ஓரத்திலுள்ள திரையிற் கண்டு வாழ்த்துகின்றனர். குருக்கள் மந்திரத்தை நிறுத்தி, படம் நன்கு அமையும்பொருட்டு இரண்டாம் முறை செய்யுமாறு ஏவப்படுதலும் உண்டு. சான்றாக வந்தார் காணவேண்டியது மறைந்தது. ஒருவருங் காணலாகாதது வெளிப்பட்டது. முறை தலைகீழாயிற்று என்று தொடக்கத்துக் கூறியதன் பொருள் இதுவே.

ஆகவே செய்யத்தக்கன இவை. மணமகனாவான், இத்தகைய பரிசைத் தான் விரும்பவில்லை என்பதை முன்னரே வாய்திறந்து சொல்லுதல் வேண்டும். பெரும்பான்மையும் அவன் பொருட்டென்றே இது நடத்தலின், முதற்கடமை அவனது. பெற்றோர் பெண்பார்க்கும் கூடத்தில் நிறமும் எடையும் பேசுதலை அறவே ஒழித்தல் வேண்டும். அதனை ஒழியாது இவ்வழக்கத்தை மாத்திரம் பழித்தல் நேர்மையன்று. கோயில்களையும் மடங்களையும் சார்ந்த மணமண்டபங்களில், நாண் பூட்டும்பொழுது படம்பிடிப்போர் ஒருபுறம் ஒதுங்கி நிற்க விதிசெய்தல் வேண்டும். படம்பிடித்தல் பல குடும்பங்களுக்குச் சோறளிக்கும் நல்ல தொழில். பள்ளியறைக்குள் நுழையாதொழிதலால் அத்தொழிலுக்கு ஒரு குறைவும் வாராது. ஏற்கெனவே எடுப்பித்துக்கொண்டாள் ஒருத்தி உளளாயின், அவள் அஞ்சி ஒடுங்கவேண்டா. படங்களின் மூலங்களை எழுத்துமூலம் கேட்டுப் பெறுக. அவற்றைக் காட்டி எவனேனும் அச்சுறுத்துவானாயிற் காவற்றுறையைத் தயங்காது நாடுக. அவ்வேளையில் அவள் வீட்டார் அவளை வைதல் ஒழிந்து, அவள் பக்கம் நிற்றலே சைவமாம்.

அன்பர்கள் மணங்களை நடத்துங்கால், மயிலத்து மணக்கோலத்தையும் தில்லைப் பள்ளியறைக் கதவையும் ஒருங்கே நினைப்பாராக. மங்கலநாணை ஊரெல்லாம் காணட்டும். மணமேடையிலே முதியோர் கண் களிக்கட்டும். அதன்பின் கதவு அடைபடட்டும்; அதற்கு அப்பால் உள்ளது அவ்விருவர்க்கும் இறைவனுக்கும் மாத்திரம் உரியது.

திருச்சிற்றம்பலம்.